மேனேஜர் போட்ட செண்டும் மதுரை வெயிலும்: குறைஞ்ச விலையில மாற்று தேடுன ஒரு மெடிக்கல் ரெப்போட கேஸ்

பின்னணி

இது மதுரைல ஃபீல்டு வேலை பாக்குற ஒரு மெடிக்கல் ரெப்போட கேஸ். முப்பது வயசுக்குள்ள, கல்யாணம் ஆகல, பைக்ல தான் சுத்துறாரு. நான் இதே லைன்ல பல வருஷம் இருந்துட்டு இப்போ மருந்து மொத்த வியாபாரத்துல இருக்கேன், செண்ட் மேல கொஞ்சம் கிறுக்கு உண்டு, அது தெரிஞ்சு தான் தம்பி என்கிட்ட வந்தாரு. யார் பேரும் போடல, வித்தவங்க பேரும் போடல. டிசைனர் செண்டுக்கு, அதாவது பெரிய ஃபேஷன் பிராண்டுங்க பேர்ல வர்ற செண்டுக்கு, மலிவா மாற்று தேடுறவங்க நிறைய பேர் இதே வழியில தான் போறாங்க, அதனால முழுசா எழுதி வைக்கிறேன்.

அவரோட நாள் எப்படி போகும்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா பின்னாடி எல்லாமே அதுல தான் வந்து நிக்குது. காலைல ஆஸ்பத்திரி, மத்தியானம் ஸ்டாக்கிஸ்ட் (கம்பெனி மருந்த மொத்தமா வாங்கி வைக்கிற கடை), சாயங்காலம் ஆறு மணில இருந்து ராத்திரி ஒன்பதரை வரைக்கும் தனி கிளினிக்குகள். ஃபுல் கை சட்டை, டை. மே மாசம் நாப்பது டிகிரிய தொடுற ஊரு. டாக்டர் ரூம்ல கிடைக்கிறதே ரெண்டு நிமிஷம், அந்த ரெண்டு நிமிஷமும் வேர்வை வாடை வருதோன்னு நினைச்சுக்கிட்டே நின்னா என்னத்த டீட்டெய்லிங் பண்றது, அதாவது மருந்த பத்தி எடுத்துச் சொல்றது, அதனால அவரோட கவலை நியாயமானது தான். அதுவரைக்கும் ஃபாக் மாதிரி பாடி ஸ்ப்ரே போட்டு சமாளிச்சுக்கிட்டு இருந்தாரு.

அப்போ தான் புது ஏரியா மேனேஜர் வந்தாரு. மாசத்துல சில நாள் ஜாயிண்ட் வொர்க், அதாவது ரெப்போட சேந்து டாக்டர்ங்கள பாக்கப் போறது, கார்ல வருவாரு, அவரு போடுறது டியோர் கம்பெனியோட சவாஜ்ங்கிற செண்ட். கூட உக்காந்து போறப்போ அந்த வாசனை தம்பிக்கு புடிச்சுப் போச்சு, சாயங்காலம் ஆனாலும் சட்டைல லேசா இருக்கும், ஒரு கிளினிக்ல டாக்டரே கேட்டாராம் என்ன செண்டுன்னு. மால்ல போய் விலை கேட்டிருக்காரு, 100 மில்லி பதினோராயிரத்து சொச்சம்னு சொல்லிருக்காங்க. பைக் இஎம்ஐ, வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் போக அந்த பணம் அவருக்கு பெரிய பணம்.

முதல் பாட்டில்

இன்ஸ்டால ஒரு பேஜ்ல ‘ஃபர்ஸ்ட் காப்பி, ஒரிஜினல் மாதிரியே, பேட்ச் கோட் கூட வரும்’னு போட்டு 1200 ரூபாய்க்கு 100 மில்லி வித்திருக்காங்க. ஜிபே பண்ணி வாங்கிட்டாரு. வந்து சேந்த பாட்டில் பாக்குறதுக்கு நல்லாவே இருந்துச்சு, அந்த கருநீல கண்ணாடி, டப்பா, மேல பிளாஸ்டிக் கவர் எல்லாம். அடிச்ச உடனே ‘அதே தான்’னு சந்தோஷப்பட்டிருக்காரு, அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணுமே இல்ல. அதனால தினமும் காலைல கழுத்து ரெண்டு பக்கமும், நெஞ்சுல, மணிக்கட்டுல, மறுபடி மத்தியானம் ஸ்டாக்கிஸ்ட் கடையில ஒரு சுத்து, சாயங்கால கிளினிக்குக்கு முன்னாடி இன்னொரு சுத்து, எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு பத்து பன்னண்டு ஸ்ப்ரே. பாட்டில் இருந்த இடம் பைக் டேங்க் மேல போடுற பை. வெயில்ல நிக்கிற பைக்.

மூணு வாரம் இப்படி போச்சு.

கழுத்துல தெரிஞ்சது

காதுக்கு கீழ இருந்து காலர் வரைக்கும் சிவப்பா தடிப்பு, அரிப்பு. ஷேவிங்னால வந்ததுன்னு நினைச்சு ஆஃப்டர் ஷேவ் போட்டாரு, அது இன்னும் எரிஞ்சிருக்கு. அவரோட கால் லிஸ்ட்ல, அதாவது போய் பாக்க வேண்டிய டாக்டர்ங்க பட்டியல்ல, ஒரு தோல் டாக்டர் இருக்காங்க, அந்த மேடம் தான் அவரு ப்ராடக்ட் பேர் சொல்ல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ‘கழுத்துல என்ன போடறீங்க’ன்னு கேட்டாங்க. மூணு கேள்வி தான் கேட்டாங்களாம்: செண்ட் போடற இடத்துல மட்டும் தான் இருக்கா, வெயில்ல எவ்ளோ நேரம், பாட்டில எங்க வைக்கிறீங்க.

அவங்க ரெண்டு விஷயத்த சந்தேகப்பட்டாங்க. ஒண்ணு, வாசனைப் பொருள்னால வர்ற கான்டாக்ட் டெர்மடைடிஸ், அதாவது தோல்ல பட்டதால வர்ற அழற்சி. செண்ட்ல இருக்கிற லிமோனீன், லினலூல் மாதிரி பொருளெல்லாம் புதுசா இருக்கிறப்போ பெருசா தொந்தரவு பண்ணாது, காத்தும் சூடும் பட்டு ஆக்சிடைஸ் ஆனா அலர்ஜி கிளப்புற பொருளா மாறும், வெயில்ல நிக்கிற பைக் பை அதுக்கு தோதான இடம். ரெண்டாவது, எலுமிச்சை வகைல ஒண்ணான பெர்கமாட் பழத்தோட எண்ணெய்ல இயற்கையா இருக்கிற பெர்காப்டென்ங்கிற பொருள். அது தோல்ல இருக்கிறப்போ வெயில் பட்டா அந்த இடம் கருத்துப் போகும், செண்ட் வழிஞ்ச தடத்துலயே கோடு கோடா விழும். நல்ல கம்பெனிங்க பெர்காப்டென எடுத்துட்ட பெர்கமாட்ட தான் போடுறாங்க, சர்வதேச வாசனைத் துறை அமைப்பான இஃப்ராவோட விதிமுறையும் அதுக்கு கட்டுப்பாடு வச்சிருக்கு. காப்பி பாட்டிலுக்குள்ள எத ஊத்துனாங்கன்னு யாருக்கு தெரியும். அவரு கழுத்துல சிவப்பு அடங்குனதுக்கு அப்புறம் பழுப்பு நிறத்துல கோடு தெரிஞ்சுச்சு, அதனால ரெண்டும் சேந்தே இருந்திருக்கலாம்னு மேடம் சொன்னாங்க, எதுன்னு உறுதியா பிரிச்சு சொல்லல.

சொன்ன முடிவு இது தான்: அந்த பாட்டில உடனே நிறுத்தணும், க்ரீம் சில நாளைக்கு, வெளிய போறப்போ சன்ஸ்கிரீன், தோல் முழுசா ஆறுற வரைக்கும் கழுத்துல எதுவும் படக்கூடாது. அப்புறமா புதுசு எது வாங்குனாலும் முழங்கை மடிப்புக்கு உள்பக்கம் கொஞ்சூண்டு, காலையும் சாயங்காலமும் ஒரு வாரம் தொடர்ந்து போட்டு பாத்துட்டு தான் மத்த இடம்.

பாட்டில பிரிச்சு பாத்தது

இந்த கட்டத்துல தான் ‘அண்ணே, காசும் போச்சு கழுத்தும் போச்சு’ன்னு பாட்டிலோட என் கடைக்கு வந்தாரு. ஒரிஜினல் சவாஜ்ல மூடி காந்தத்துல போய் ஒட்டும், இதுல வெறும் பிளாஸ்டிக் புடிப்பு. டப்பா அடியில இருந்த பேட்ச் நம்பரும் பாட்டில் அடியில இருந்ததும் வேற வேற. ஸ்ப்ரே தலை மெல்லிசா புகை மாதிரி வராம துளித்துளியா கக்குச்சு, கழுத்துல வழிஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம். எல்லாத்துக்கும் மேல, இந்தியாவுல முறையா விக்கிற வெளிநாட்டு செண்ட்ல இறக்குமதி பண்ணவங்க பேரு, முகவரி, எம்ஆர்பி, மாசம் வருஷம் இதெல்லாம் போட்ட ஸ்டிக்கர் இருக்கணும், காஸ்மெட்டிக் இறக்குமதிக்கு பதிவு நம்பரும் வேணும். இதுல எதுவுமே இல்ல. மருந்து ஸ்ட்ரிப்ல பேட்ச் நம்பர் இல்லன்னா தொடவே மாட்டாரு இந்த மனுஷன், தோல்ல போடுறதுல மட்டும் பாக்கல.

வித்தவங்களுக்கு மெசேஜ் போட்டாரு, பிளாக் பண்ணிட்டாங்க. அந்த கதை அதோட முடிஞ்சுது.

காப்பி வேற, சாயல் வேற

அவரு மனசுல ரெண்டும் ஒண்ணாவே கலந்து கிடந்துச்சு, அதனால இத பிரிச்சு சொல்ல வேண்டியதா போச்சு. ஃபர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பின்னு எந்த பேர்ல வந்தாலும் அது அடுத்தவன் பேரையும் பாட்டிலையும் திருடி ஒட்டுன போலி, உள்ள இருக்கிற சரக்குக்கு பொறுப்பேத்துக்க ஆள் கிடையாது. குளோன், இன்ஸ்பையர்டுன்னு சொல்றது வேற விஷயம், ஒரு கம்பெனி தன்னோட சொந்த பேருல, சொந்த பாட்டில்ல, தெரிஞ்ச வாசனையோட சாயல்ல பண்ணி விக்கிறது. துபாய் பக்கத்து கம்பெனிங்க இதுல கெட்டிக்காரங்க. க்ரீட் அவென்டஸ் 2010-ல வந்துச்சு, அதோட சாயல்ல ஆர்மாஃப் கிளப் டி நுயி இன்டென்ஸ் மேன் 2015-ல வந்துச்சு. ஜான் பால் கோல்டியே அல்ட்ரா மேலுக்கு அஃப்னான் 9 பிஎம், சவாஜ் எலிக்சருக்கு லத்தாஃபா அசாத், வொய்எஸ்எல் கம்பெனியோட ‘வொய்’ங்கிற செண்டுக்கு லத்தாஃபா ஃபக்கர், இன்விக்டஸ் அக்வாவுக்கு ரசாசி ஹவாஸ், இப்படி ஜோடி ஜோடியா ஆளுங்க சொல்லுவாங்க.

இது எப்படி சட்டப்படி நடக்குதுன்னு தம்பி கேட்டாரு. பேருக்கும் லோகோவுக்கும் பாட்டில் வடிவத்துக்கும் டிரேட்மார்க் பாதுகாப்பு உண்டு, வாசனைக்கு அந்த மாதிரி பாதுகாப்பு கிடைக்கிறது ரொம்ப கஷ்டம். 2006 ஜூன்ல ஒரே வாரத்துல நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் லான்கோம் கம்பெனியோட ட்ரேஸோர் செண்ட் வாசனைக்கு காப்பிரைட் உண்டுன்னு சொல்லுச்சு, பிரான்ஸ் உச்ச நீதிமன்றம் வேற ஒரு வழக்குல வாசனைக்கு கிடையாதுன்னு சொல்லுச்சு, செண்டுக்கு பேர் போன நாடே அப்படி சொன்னது தான் எனக்கு சுவாரஸ்யம். அதே நேரம் 2009-ல லோரியல் போட்ட வழக்குல ஐரோப்பிய நீதிமன்றம், ‘இது இன்ன பிராண்டு மாதிரி வாசனை’ன்னு பட்டியல் போட்டு விக்கிறது தப்புன்னு சொல்லிருச்சு. வாசனையில சாயல் இருக்கலாம், பெரிய பிராண்டோட பேர வச்சு வியாபாரம் பண்ணா தான் வம்பு.

எதை தேடுறோம்னு முடிவு பண்ணது

சவாஜுக்கு மாற்று சொல்லுங்கண்ணேன்னு தான் அவரு கேட்டாரு. நேரா ஒரு குளோன் பேர் சொல்லி அனுப்பியிருக்கலாம். அதுக்கு முன்னாடி மால்ல டெஸ்டர அடிச்சு பாத்துட்டு, வாங்காம, அந்த கைய நாள் பூரா மோந்து பாத்து எந்தெந்த நேரம் புடிச்சுதுன்னு குறிச்சுட்டு வாங்கன்னு அனுப்பினேன். காரணம் இருக்கு. ஒரு செண்டுக்கு முதல் இருபது நிமிஷம் ஒரு முகம், நாலு மணி நேரம் கழிச்சு இன்னொரு முகம். ஆரம்பத்துல வர்ற எலுமிச்சை, பெர்கமாட், லாவெண்டர் இதெல்லாம் சீக்கிரம் பறக்குற சரக்கு, அதுல நல்ல இயற்கை எண்ணெய் போட்டா செலவு ஏறும், மட்டமானது போட்டா தரை துடைக்கிற லிக்விட் வாடை வரும். கடைசில மிஞ்சுறது கனமான பொருள், அதுல முக்காவாசி லேப்ல பண்றது, யார் வேணா வாங்கலாம்.

சவாஜ் 2015-ல வந்தது, ஃபிரான்சுவா டெமாஷி பண்ணது. மேல பெர்கமாட்டும் மிளகும், அடியில தூக்கி நிறுத்துறது ஆம்ப்ராக்சன். ஒரு காலத்துல திமிங்கலத்துல இருந்து கிடைச்ச ஆம்பர்கிரிஸோட வாசனைக்கு பதிலா, கிளாரி சேஜ் செடில இருந்து எடுக்கிற பொருள வச்சு பண்றது. புதுசா கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்ல, பல கம்பெனி விக்குது. அதனால தான் அந்த வகை வாசனைய மலிவா கிட்டத்தட்ட கொண்டு வர முடியுது.

தம்பி குறிச்சுட்டு வந்தது தெளிவா இருந்துச்சு. அடிச்ச உடனே மூக்குல குத்துச்சு, பெருசா புடிக்கல. மூணு மணி நேரத்துக்கு மேல வந்த அந்த சுத்தமான, லேசா உப்பு கலந்த கட்டை வாசனை தான் மேனேஜர் கார்ல வந்த வாசனை. யோசிச்சா அதுவும் சரி தான், மேனேஜர் காலைல லாட்ஜ்ல அடிச்சுட்டு வர்றாரு, இவரு கார்ல ஏறுறப்போ முதல் முகம் போயே போயிருக்கும். அதாவது இவருக்கு வேண்டியது எது மலிவா கிடைக்குமோ அந்த பகுதி. இது தெரிஞ்சதும் பாதி வேலை முடிஞ்சுது.

தள்ளுனது, வச்சுக்கிட்டது

ஒரிஜினல் 100 மில்லி முதல்லயே தள்ளியாச்சு. டீகான்ட், அதாவது பெரிய பாட்டில்ல இருந்து 5, 10 மில்லி ஊத்தி விக்கிறது, நல்ல ஆளுங்க கிட்ட கிடைச்சா உத்தமம், ஆனா லேபிள் இல்லாத சின்ன குப்பில என்ன இருக்குன்னு நம்புறது ஏற்கனவே சூடு பட்டவருக்கு முடியல. திறந்து காத்து பட்ட சரக்குங்கிறது வேற, தோல் மேடம் சொன்னது ஞாபகம் இருந்துச்சு. அத்தர் கடைல எண்ணெயா கிடைக்கிற ‘சவாஜ் டைப்’ ஒரு வழி, விலை ரொம்ப கம்மி, ஆனா உத்தரப் பிரதேசத்து கன்னாஜ் மாதிரி ஊர்ல வடிக்கிற பாரம்பரிய அத்தரோட அத குழப்பிக்க கூடாது, இது செயற்கை வாசனை எண்ணெய், சில கடைல உள்ள இருக்கிற பொருள் விவரம் எதுவும் ஒட்டியிருக்காது. அதையும் அதே காரணத்துக்காக விட்டோம்.

மிஞ்சினது மூணு வகை. துபாய் பக்கத்து குளோன் ஒண்ணு, முறையான இறக்குமதி ஸ்டிக்கரோட, 100 மில்லி 2200 ரூபாய். விலை குறைஞ்ச பழைய டிசைனர் ஒண்ணு. இந்திய கம்பெனி ஒண்ணு. இந்த மூணுல எதெதுன்னு பேர் சொல்லல, சொன்னா விளம்பரம் இல்லன்னா புகார்னு ஆயிடும், ஆளாளுக்கு தோல் வேற. ஆனா ரெண்டாவது வகைய பத்தி ஒரு வார்த்தை. மலிவா வேணும்னாலே எல்லாரும் குளோன் பக்கம் ஓடுறாங்க, பழைய டிசைனர் செண்டே பல நேரம் நல்ல மாற்று. க்ரீட் க்ரீன் ஐரிஷ் ட்வீட் 1985, டேவிட்ஆஃப் கூல் வாட்டர் 1988, ரெண்டுக்கும் நெருங்கின சாயல் இருக்கிறது செண்ட் பிரியர்கள் ரொம்ப காலமா பேசுறது தான், விலையோ மலைக்கும் மடுவுக்கும், கூல் வாட்டர் தான் மலிவு. நாட்டிகா வொயேஜ் 2006, இன்னமும் நம்ம ஊர் வெயிலுக்கு தாங்குற வாசனை, விலையும் கைக்கு அடங்கும். இந்திய பக்கம் டைட்டன் ஸ்கின் 2013-ல இருந்து இருக்கு, டைட்டனே தமிழ்நாடு அரசோட டிட்கோவும் டாடாவும் சேந்து ஆரம்பிச்ச கம்பெனி தான்.

(மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. இந்த பக்கம் விளையுற மல்லியில இருந்தும் பிச்சியில இருந்தும் கரைப்பான் வச்சு எடுக்கிற மெழுகு மாதிரியான வாசனைப் பொருள் (காங்க்ரீட்னு பேரு) வெளிநாட்டு செண்ட் கம்பெனிக்கு போகுது. நிலக்கோட்டை மார்க்கெட்ல பூ விலை விழுற அன்னைக்கு இத நினைச்சா ஒரு மாதிரி இருக்கும். சரி, கேஸுக்கு வருவோம்.)

தோல்ல போட்டு பாத்த விதம்

தோல் ஆறி, மேடம் சரின்னு சொன்னதுக்கு அப்புறம் தான் ஆரம்பிச்சோம். முழங்கை மடிப்பு சோதனை ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வாரம். இந்திய கம்பெனியோடதுல நாலாவது நாள் லேசா அரிப்பு, விட்டாச்சு. அது அந்த செண்டோட குத்தம்னு சொல்ல மாட்டேன், ஒரு தடவை தோல் சீண்டப்பட்டா அப்புறம் சின்னதுக்கும் பொங்கும். மத்த ரெண்டும் தாங்குச்சு.

அடுத்து ஃபீல்டுல. கார்டு மேல அடிச்சு மோந்து பாக்குறது உதவாது, ஏசி கடைல ஆறு மணி நேரம் நிக்கிறது பைக்ல ரெண்டு மணி நேரத்துல காணாம போகலாம், சூடு அதிகமா இருந்தா முதல் ஒரு மணி நேரம் ரெண்டு மடங்கா வீசும், சீக்கிரமும் தீரும். துணில தோல விட நேரம் புடிக்கும், ஆனா வெள்ளை சட்டைல மஞ்சளா கறை விழும்னு பனியன்ல அடிச்சு பாக்க சொன்னேன்.

இதுல முக்கியமா வச்சது ஒரு விதி, வாசனை இருக்கா இல்லையான்னு அவரு சொல்லக் கூடாது. ஒரே வாசனைய தொடர்ந்து மோந்தா மூக்கு அத கண்டுக்காம விட்டுரும், ஆம்ப்ராக்சன் மாதிரி பொருள்ல இது இன்னும் மோசம், சிலருக்கு அது ஆரம்பத்துலயே சரியா தெரியாது. போட்டவனுக்கு ஒண்ணும் இல்ல, எதிர்ல நிக்கிறவனுக்கு தலைவலி. அதனால அவரு தினமும் போற ஒரு மெடிக்கல் ஷாப் அண்ணன் கிட்ட காலைல, மத்தியானம், ராத்திரி கேட்டு எழுதிக்கணும்.

அண்ணன் எழுதி வச்சத பாத்தா தம்பி நினைச்சதுக்கு நேர் எதிர். ‘அரை மணி நேரத்துல போயிருச்சு’ன்னு இவரு சொன்ன குளோன், மூணு ஸ்ப்ரேல ராத்திரி எட்டு மணி வரைக்கும் கவுன்டர் தாண்டி அண்ணனுக்கு தெரிஞ்சிருக்கு. அப்போ அந்த போலியும் அரை மணி நேரத்துல தீந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம் வந்துச்சு, பத்து பன்னண்டு ஸ்ப்ரே அடிச்சதுல பாதி தன் மூக்கு மரத்துப் போனதுக்காக அடிச்சதாவும் இருக்கலாம்.

முடிவு: குளோன வாங்குறது, காலைல மூணு ஸ்ப்ரே, பனியன்லயும் நெஞ்சுலயும் மட்டும், கழுத்துக்கு எப்பவுமே கிடையாது, பாட்டில் வீட்டு பீரோவுல.

நெஞ்சக டாக்டர் கிளினிக்ல நடந்தது

வாங்கி கொஞ்ச நாள் ஒழுங்கா போச்சு. அப்புறம் மேனேஜர் ஜாயிண்ட் வொர்க் வர்ற நாள், கொஞ்சம் கூடுதலா இருக்கட்டும்னு சாயங்காலம் மறுபடி நாலஞ்சு அடிச்சிருக்காரு. அன்னைக்கு முதல் விசிட் ஒரு நெஞ்சக நோய் டாக்டர். வெயிட்டிங் ஹால் சின்னது, ஏசி, கதவு சாத்தியிருக்கு, உள்ள பூரா வீசிங் கேஸ். ஒரு வயசான அம்மாவுக்கு இருமல் ஆரம்பிச்சு நிக்கல, அவங்க பையன் எந்திரிச்சு ‘யாருங்க இவ்ளோ செண்ட்ட போட்டுட்டு வந்தது’ன்னு கேட்டுட்டாரு. ரிசப்ஷன்ல இருந்த அக்கா தம்பிய வெளிய நிக்க சொன்னாங்க. மேனேஜர் பக்கத்துல. டாக்டர் கடைசி வரைக்கும் கூப்பிடல.

அந்த அம்மாவோட இருமலுக்கு செண்ட் தான் காரணம்னு யாரும் நிரூபிக்கல, ஆனா ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு கடுமையான வாசனை மூச்சுத் தொந்தரவ தூண்டும்கிறது அந்த ஹால்ல இருந்த எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், நெஞ்சு மருந்து விக்கிற இவருக்கு நல்லாவே தெரியும். இதுல குளோனா ஒரிஜினலாங்கிற கேள்விக்கே இடமில்ல, பதினோராயிரம் ரூபாய் பாட்டில்ல அதே அளவு அடிச்சாலும் இதே தான் நடந்திருக்கும்.

ராத்திரி மேனேஜர் திட்டல. தான் எப்படி போடுறாருன்னு சொன்னாரு: காலைல ரெண்டு ஸ்ப்ரே, சட்டைக்கு உள்ள, அப்புறம் நாள் பூரா கார் ஏசி. நெஞ்சக டாக்டர், குழந்தை டாக்டர் விசிட் இருக்கிற அன்னைக்கு போடுறதே இல்லையாம். இவரு ஆசைப்பட்ட அந்த ‘சாயங்காலம் வரைக்கும் லேசா இருக்கும்’ங்கிறது செண்டோட சக்தி மட்டும் இல்ல, காரும் அளவும் சேந்து பண்ணது.

அதுக்கப்புறம் மாத்துனது

ஃபீல்டு நாளையும் மத்த நாளையும் பிரிச்சாச்சு. வேர்வை வாடைக்கும் செண்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு முதல் தடவையா உக்காந்து பேசினோம், வேர்வை மேல செண்ட் அடிச்சா ரெண்டும் கலந்து தான் வரும். அதுக்கு வேர்வையவே குறைக்கிற, வாசனை இல்லாத ஆன்டிபெர்ஸ்பிரன்ட் ராத்திரி படுக்குறப்போ, பைல மாத்து பனியன் ஒண்ணு, மத்தியானம் முகம் கை கழுவி பனியன் மாத்துறது. செலவு ரொம்ப கம்மி, அவரோட உண்மையான பிரச்சனைக்கு இது தான் பதில்னு எனக்கு தோணுது. ஃபீல்டு நாள்ல அந்த பழைய டிசைனர் வகை, ஒரே ஒரு ஸ்ப்ரே, நெஞ்சக டாக்டரும் குழந்தை டாக்டரும் லிஸ்ட்ல இருந்தா அதுவும் இல்ல. குளோன் ஞாயித்துக்கிழமைக்கும் விசேஷத்துக்கும்.

அவரே ஒரு கணக்கு போட்டு காட்டுனாரு. ஒரு ஸ்ப்ரேக்கு சுமாரா 0.1 மில்லின்னு வச்சா 100 மில்லிக்கு ஆயிரம் ஸ்ப்ரே. ஒரு நாளைக்கு பத்துன்னு அடிச்சா நூறு நாள்ல பாட்டில் காலி, 1200 ரூபாய் போலி ஒரு நாளைக்கு 12 ரூபாய். 2200 ரூபாய் குளோன் நாளைக்கு மூணுன்னா ஏழு ரூபாய் கூட வரல. ஒரிஜினலையே மேனேஜர் மாதிரி ரெண்டு ஸ்ப்ரேன்னு போட்டா 22 ரூபாய். விலைய பாட்டிலுக்கு பாக்குறதும் ஒரு நாளைக்கு எவ்ளோன்னு பாக்குறதும் எவ்ளோ வேறன்னு அவருக்கே ஆச்சரியம். போலியோட கணக்குல க்ரீம், சன்ஸ்கிரீன் செலவு இன்னும் சேக்கல.

பின்னாடி நடந்தது

கழுத்துல இருந்த பழுப்பு கோடு மங்க பல மாசம் ஆச்சு, இப்போ உத்து பாத்தா தான் தெரியும். நெஞ்சக டாக்டர் கிளினிக்ல ரெண்டு விசிட் உள்ள விடல, மூணாவது தடவை ரிசப்ஷன் அக்காவே மோந்து பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே அனுப்பினாங்களாம். குளோன் பாட்டில்ல பாதிக்கு மேல இன்னும் மிச்சம். அக்கா மகள் காதுகுத்துக்கு போட்டுட்டு போனப்போ மச்சான் பேர் கேட்டு வாங்கிட்டாரு, கூடவே ஃபர்ஸ்ட் காப்பி பேஜ் லிங்க் ஒண்ணையும் அனுப்பி ‘இது இன்னும் கம்மியா இருக்கே மாப்ள’ன்னு கேட்டிருக்காரு. தம்பி தன்னோட கழுத்து போட்டோவ பதிலுக்கு அனுப்பி வச்சாரு.

அடுத்த கேஸ்ல மாத்தி செய்ய வேண்டியது

மாற்று செண்ட் கேட்டு யாராவது வந்தா, எந்த பிராண்டுக்கு மாற்றுன்னு கேக்குறதுக்கு முன்னாடி எங்க போட்டுட்டு போவீங்க, யார் பக்கத்துல உக்காருவீங்க, வண்டியா காரான்னு கேட்டுடணும். இந்த கேஸ்ல கால் லிஸ்ட்ட கையில வாங்கி பாத்திருந்தா கிளினிக் சம்பவத்துக்கு முன்னாடியே ஃபீல்டு நாள் விதி வந்திருக்கும். தோல் சோதனைய மூணு வகைக்கும் வரிசையா வாரம் வாரம் பண்ணதுல காலம் இழுத்துச்சு, அதுல மட்டும் எதையும் சுருக்க மாட்டேன். மெடிக்கல் ஷாப் அண்ணன் மாதிரி ஒரு வெளி மூக்கு கட்டாயம், ஒரு ஆள் போதாது, பெண்கள்ல ஒருத்தரும் வயசானவங்கள்ல ஒருத்தரும் இருந்தா இன்னும் சரியா வரும், ஏன்னா அந்த அண்ணனுக்கு ‘நல்லா தூக்கலா இருக்கு’ன்னு பட்டது தான் ஏசி ஹால்ல வேற மாதிரி ஆச்சு.

இப்போ தம்பிக்கு பொண்ணு பாத்துட்டாங்க, தை மாசம் கல்யாணம். ஒரிஜினல் 30 மில்லி வாங்கிக்கவாண்ணேன்னு கேட்டாரு. தாராளமா வாங்குங்க, மால் கவுன்டர்ல பில்லோட வாங்குங்க, ஒரு வாரம் முழங்கை மடிப்புல போட்டு பாக்குற மாதிரி முன்கூட்டியே வாங்குங்கன்னு சொல்லிருக்கேன். பொண்ணுக்கு வீசிங் எதுவும் இருக்கான்னு அவரே கேட்டுட்டு வந்து சொல்றேன்னாரு.